பழைய பிரதி

என் நாவல் ஒன்றில், ஒன்பதாம் அத்தியாயத்தில் இறந்துபோன மாமியார் பதினான்காம் அத்தியாயத்தில் வந்து மருமகளுக்குக் காபி கலந்து கொடுக்கிறாள். இது ஆவி உலக விவகாரம் அல்ல, வெறும் பிழை. அத்தையின் பெயர் வரவேண்டிய இடத்தில் மாமியாரின் பெயர் வந்துவிட்டது. முதற் பதிப்பு கைக்கு வந்த அன்றே அதைக் கண்டுபிடித்து, திருத்தம் எழுதி அச்சகத்தில் கொடுத்தேன். அவர்களும் திருத்திவிட்டார்கள். ஆனாலும் இரண்டாம் பதிப்பில் மாமியார் காபி டம்ளரும் கையுமாக வந்து நின்றாள். விசாரித்தபோது உண்மை தெரிந்தது. திருத்திய பிரதி ஓரிடத்தில் பத்திரமாக இருந்தது. அச்சுக்குப் போனதோ வேறோர் இடத்தில் கிடந்த பழைய பிரதி!

இந்தத் துயரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் அக்கா மகன் ரகுவிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிச் சம்பாதிக்கிறவன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“மாமா, எங்க தொழிலுக்கு இது எழுபத்தஞ்சு வருஷத்து வியாதி. நீங்க இப்பத்தான் மாட்டிக்கிட்டீங்க.”

அன்று அவன் செய்துகொண்டிருந்த வேலையே அதற்கு உதாரணமாக அமைந்தது. யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கு விட்டுவிட்ட ஒரு ‘லைப்ரரி’யைத் தன் புரோகிராமுடன் சேர்த்துக்கொண்டிருந்தான். நாம் சந்தா கட்டிப் புத்தகம் எடுக்கும் இடம் அல்ல இது. பலருக்கும் அடிக்கடி தேவைப்படும் காரியங்களை ஒருவர் ஒரு தரம் ஒழுங்காக எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு. ஆனால் அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஆதியில் அது பீரோவும் அடுக்குகளும் உள்ள நிஜமான நூல்நிலையம் போலத்தான் இருந்தது.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் கட்டிய ‘எட்சாக்’ என்ற கம்ப்யூட்டர் 1949-ஆம் வருஷம் மே 6-ஆம் தேதி முதன்முதலாக ஓடிற்று. சுமார் 3000 வால்வுகள் கொண்ட பிரம்மாண்டமான யந்திரம். அதற்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பெருக்கத் தெரியும். வகுக்க மட்டும் தெரியாது! வகுத்தல் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகக் கட்டளைகள் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் எழுதினால் ஒவ்வொரு தடவையும் பிழை வரும். இனித் தம் ஆயுளில் ஒரு பெரும் பகுதி சொந்தப் புரோகிராமில் பிழை தேடுவதிலேயே கழியப்போகிறது என்று அந்த வருஷமே, மாடிப்படியில் ஏறும்போது, தமக்குச் சட்டென்று உறைத்ததாக வில்க்ஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

ஆகவே, பொதுவான காரியங்களுக்குரிய கட்டளைகளைத் தனித்தனியே எழுதிச் சரிபார்த்து வைப்பது என்று ஏற்பாடாயிற்று. அதில் முக்கியமாக உழைத்தவர் டேவிட் வீலர் என்ற இளைஞர். ஒவ்வொரு தொகுப்பும் துளையிட்ட காகித நாடாவாக ஓர் எஃகு பீரோவில் இருக்கும். தேவைப்பட்டவர் நாடாவை எடுத்து, பிரதி செய்யும் யந்திரத்தில் கொடுத்து, அந்தத் துளைகளைத் தம் நாடாவில் அப்படியே ஏற்றிக்கொண்டு, அசலைப் பீரோவில் திரும்ப வைத்துவிடுவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தப் பீரோவில் இருந்த சுரைக்காய் நன்றாகவே உதவிற்று. 1951-இல் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் இதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அந்தச் சமயத்தில் பீரோவில் 87 தொகுப்புக்கள் சேர்ந்திருந்தன.

வியாதியும் அதே பீரோவிலிருந்துதான் புறப்பட்டது. அசல் நாடாவில் ஒரு பிழை தெரிந்தால், பீரோவில் உள்ளதைத் திருத்திவிடலாம். இரண்டு மாதத்துக்கு முன் பிரதி செய்துகொண்டு போனவரின் நாடாவை யார் திருத்துவது? சுவடியிலிருந்து சுவடி பெயர்த்து எழுதிய நம் முன்னோர்களுக்கும் இந்தச் சங்கடம் புதிதல்ல.

“அப்புறம் என்ன ஆயிற்று? விஞ்ஞானம் வளர்ந்து சரியாகிவிட்டதா?” என்று கேட்டேன்.

“வியாதிதான் வளர்ந்தது” என்றான் ரகு.

அவன் தன் வேலையைக் காட்டி விளக்கினான். மனிதர்கள் எழுதும் வடிவம் ஒன்று. அதை மூல நிரல் என்கிறார்கள். அதை யந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் துண்டு துண்டாக வைப்பது ஒரு கட்டம். துண்டுகளையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டினால் அதுதான் லைப்ரரி. அந்தக் கட்டைத் தன் புரோகிராமுடன் இணைப்பது கடைசிக் கட்டம். முதல் கட்டத்தில் திருத்தம் செய்துவிட்டு இரண்டாம் கட்டத்தை மறந்தால், திருத்தம் திருத்தமாகவே கிடக்கும். ஓடுவது பழையதாக இருக்கும்.

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் இது நடந்தே இருக்கிறது. ஸ்டீவ் ஜான்சன் என்ற நிபுணர் ஒரு நாள் காலை முழுவதும் ஒரு புரோகிராமில் பிழை தேடினார். அந்தப் பிழையை அவர் ஏற்கெனவே திருத்தியிருந்தார்! திருத்திய பக்கத்தை யந்திர பாஷைக்கு மாற்ற மறந்து, பழைய துண்டையே இணைத்துக்கொண்டிருந்தார். விதியை நொந்துகொண்டே அவர் தம் நண்பர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். முந்திய நாள் மாலை ஃபெல்ட்மனும் அதே கஷ்டத்தை அநுபவித்திருந்தார். அந்த வார இறுதியிலேயே அவர் எழுதியதுதான் ‘மேக்’ என்ற கருவி. எது மாறியது, அதனால் எதையெல்லாம் மறுபடி செய்யவேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். இது 1976-ஆம் வருஷத்து விஷயம். ரகு அன்று தட்டியதும் அதே ‘மேக்’தான்.

ஆனால் ஒரு வீட்டுக்குள் இருக்கும் பிரதிகளைத்தான் மேக் கவனிக்கும். ஊரெல்லாம் போய்விட்ட பிரதிகளை? அங்கேதான் ரகு சேர்த்துக்கொண்டிருந்த லைப்ரரியின் சரித்திரம் வருகிறது. அதன் பெயர் ‘ஸீலிப்’.

படங்களைச் சுருக்கி அனுப்பும் ‘ஜிஃப்’ என்ற முறை 1987 முதல் எங்கும் பரவியிருந்தது. அதற்குள் இருந்த சுருக்கும் உபாயம் யூனிசிஸ் கம்பெனியின் காப்புரிமைக்கு உட்பட்டது. 1994 டிசம்பரில், இனி அதைப் பயன்படுத்தும் புரோகிராம்களுக்குக் கட்டணம் உண்டு என்று அறிவிப்பு வந்தது. சில நாளைக்குள் பல தேசத்துப் புரோகிராமர்கள் கூடி, யாருக்கும் கட்டணம் கட்டவேண்டாத ‘பி.என்.ஜி.’ என்ற புதிய பட முறையை வகுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு வேண்டிய சுருக்கும் பகுதியைப் பிரான்ஸைச் சேர்ந்த ழான்-லூ கெய்லியும், விரிக்கும் பகுதியை அமெரிக்காவில் மார்க் ஆட்லரும் எழுதினார்கள். இந்த ஆட்லர்தான் பின்னர் செவ்வாய்க் கிரகத்துக்குப் போன ‘ஸ்பிரிட்’ வண்டியின் பயணத்தை நிர்வகித்தவர்களில் ஒருவர்.

சுருக்கும் தந்திரம் எளிமையானது. ஒரு வாக்கியம் முன்பே வந்திருந்தால் அதை மறுபடி எழுதாமல், ‘இத்தனை எழுத்துப் பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறித்துவிடுவது. 1995 மே முதல் தேதி ஸீலிப் வெளியாயிற்று. யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். விற்கும் சரக்கிலும் சேர்க்கலாம். நிபந்தனைகள் மூன்றுதான்: நான் எழுதியது என்று பொய் சொல்லாதே, மாற்றினால் மாற்றியதாகக் குறிப்பிடு, மூல நிரலில் உள்ள இந்த அறிவிப்பை எடுத்துவிடாதே.

எடுத்துக்கொள்ளச் சொன்னால் விடுவார்களா? ஆளுக்கு ஒரு பிரதி எடுத்தார்கள். 2002 மார்ச்சில் விஷயம் வெடித்தது. கோணலாகச் செய்த தகவலை விரிக்கக் கொடுத்தால், விட்டுவிட்ட நினைவகத்தையே ஸீலிப் இரண்டாம் முறையும் விடுகிறது என்று தெரிந்தது. புரோகிராம் நின்றுபோகலாம்; துஷ்டர்கள் உள்ளே நுழையவும் வழி ஏற்படலாம். திருத்திய 1.1.4 என்ற பதிப்பு உடனே வந்துவிட்டது. பொதுவான ஒரே பிரதியைப் பங்கிட்டுக்கொண்ட புரோகிராம்களுக்கு அந்த ஒரு கோப்பை மாற்றியதும் சௌக்கியமாயிற்று. ஆனால் லினக்ஸின் கருவிலேயே தனிப் பிரதி ஒன்று இருந்தது. இன்னும் பல புரோகிராம்கள் ஆளுக்கு ஒன்றாக வயிற்றுக்குள் வைத்திருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கவேண்டியதாயிற்று.

“அப்படியானால் எல்லாரும் பொதுப் பிரதியையே பயன்படுத்துவதுதானே?” என்றேன்.

“நாளைக்கு அங்கே எதையாவது மாத்தி, நம்மது ஓடாம போனா? அந்தப் பயத்துலதான் மாமா தனியா வச்சுக்கறாங்க. அதுவும் நியாயமான பயம்தான். ஆனா வச்சுக்கிட்டா, இது எங்கிருந்து வந்தது, எத்தனாவது பதிப்புன்னு எழுதி வைக்கணும். அதை யாரும் செய்யறதில்லே.”

சொல்லிக்கொண்டே அவன் தன் பழைய புரோகிராமுக்குள் எதையோ தேடினான். கெய்லி தம் நிரலுக்குள் ஒரு சிறு வேண்டுகோள் எழுதி வைத்திருக்கிறாராம். உங்கள் சரக்கோடு தரும் குறிப்பில் எங்கள் பெயரைச் சொன்னால் சந்தோஷம். முடியாவிட்டால், புரோகிராமுக்குள் இருக்கும் இந்த ஒரு வரியையாவது விட்டுவையுங்கள் என்று. அந்த வரியில் அவர் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கின்றன. யந்திர பாஷைக்கு மாறிய பிறகும் அது அழியாது.

திரையில் கெய்லியின் பெயர் வந்தது. பக்கத்தில் 1.1.3 என்று எண்.

ரகுவின் சிரிப்பு நின்றுவிட்டது. எப்போதோ வேலையை விட்டுப்போன யாரோ ஒருவர், ஒரு வார்த்தை எழுதி வைக்காமல் செருகிவிட்டுப் போன பிரதி. 2002-ஆம் வருஷத்துப் பிழை அப்படியே உள்ளே இருந்தது; இத்தனை வருஷமாக அந்தப் புரோகிராம் அதனுடனேயே ஓடியிருக்கிறது. காபி ஆறியதையும் கவனிக்காமல், மத்தியானம் வரை உட்கார்ந்து அதைப் பிடுங்கி எறிந்தான். புதியதைச் சேர்த்தான். பெயர், பதிப்பு, வந்த இடம், சேர்த்த தேதி நான்கையும் ஒரு தாளாக எழுதி உடன் வைத்தான்.

பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்பதை எழுத்தாளர்களின் ஆசை என்றே நான் இதுவரை நினைத்திருந்தேன். இங்கே ஒரு மனிதர் தம் பெயரை விட்டுவைத்ததால் அல்லவா, பத்தாயிரம் பக்கத்துக்குள் ஒளிந்திருந்த பழைய பிரதி பிடிபட்டது!

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். என் நாவல் அவர்களிடம் நான்கு பிரதிகள் இருந்தன. நான்கும் ஒரே பெயரில். “இதுல எது சார் கடைசி?” என்று அவர்கள் என்னையே கேட்டார்கள். நான்கையும் திறந்து, பதினான்காம் அத்தியாயத்தைப் பார்த்து, மூன்றை அழிக்கச் சொன்னேன். மிஞ்சியதன் முதல் பக்கத்தில் தேதியும் என் கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் பதிப்பு தை மாதம் வருகிறது. காபி கொடுப்பது அத்தையாக இருக்கும் என்று நம்புகிறேன்.