மொடக்குறிச்சி கட்டிய 250 ரூபாய்

தேர்தல் முடிவு வரும் நாளில் எங்கூர் டீக்கடையில் ஒரு கேலி தவறாமல் இருக்கும். "டெபாசிட்டே போயிருச்சாமா!" தோற்றவரை விட டெபாசிட் இழந்தவரைப் பார்த்துத்தான் சிரிப்பு அதிகம். ஆனால் இதே கொங்குச் சீமையில், டெபாசிட் போகும் என்று தெரிந்தே ஆயிரம் பேருக்கு மேல் பணம் கட்டிய கதை ஒன்று இருக்கு. சென்னை, பெங்களூரில் இருந்து இதைப் படிக்கிறவங்க பலருக்குத் தெரிந்திருக்காது. கொஞ்சம் பின்னாலிருந்து சொல்றேன்.

தெற்கே இருந்து கோயமுத்தூருக்குள் வரும் எங்களுக்கு உக்கடம்தான் வாசல். பொள்ளாச்சி ரோடும் பாலக்காட்டு ரோடும் அங்கேதான் வந்து சேரும். திங்கக்கிழமை காலையில் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்க. மஞ்சப்பையில் மனுவும் பட்டா நகலும் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். காசில்லாதவன் அரசாங்கத்திடம் பேசும் வழி அதுதான்.

மனு எடுபடாதபோது எங்க ஆட்கள் வேறு வழி பார்த்தார்கள். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு 3 விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோயமுத்தூர் ரோடுகளை அடைத்து நின்றன. கரண்டுக்கு யூனிட்டுக்குச் சில பைசா கூடியதற்கு ஒரு நகரமே நின்னு போச்சு. வண்டியும் மாடும் சொந்தமாக இருந்ததால் அது முடிந்தது. நாயுடு பின்னால் கட்சியும் ஆரம்பித்தார். ஆனால் தேர்தல் என்பது வேறு சந்தை. 1984-ல் அவர் இறந்தார். தெருவில் இருந்த பலம் சட்டசபைக்குப் போய்ச் சேரவே இல்லை.

அப்புறம் வந்தது 1996. ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி, காலிங்கராயன் வாய்க்கால் பாயும் மஞ்சள் பூமி. தங்கள் குறையை எந்தக் கட்சியும் காதில் வாங்கவில்லை என்று காட்ட, சட்டசபைத் தேர்தலில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். களத்தில் நின்றவர்கள் மொத்தம் 1,033 பேர். ஓட்டுச்சீட்டு ஒரு புத்தகமாக அச்சடிக்கப்பட்டது. அந்தத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவு தள்ளிப் போனது. கடைசியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். ஒரு ஓட்டுக் கூட வாங்காத வேட்பாளர்கள் 88 பேர். அதாவது தன் ஓட்டைக் கூடத் தனக்குப் போடலை! ஜெயிக்க நின்றவர்களாக இருந்தால் அப்படிச் செய்வார்களா?

அப்போது சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபாய். 1,033 பேரும் முழுத்தொகை கட்டியிருந்தாலும் இரண்டரை லட்சத்துச் சொச்சம்தான். அந்தக் காசுக்கு நாடு முழுக்க மொடக்குறிச்சி பேர் தெரிந்தது. அதே வருசம் ஆந்திராவின் நல்கொண்டாவில், குடிதண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிற கொடுமையைச் சொல்ல, மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள்.

சில மாசத்தில் டெல்லியில் சட்டம் மாறியது. சட்டசபை டெபாசிட் 250-லிருந்து 5,000. மக்களவைக்கு 500-லிருந்து 10,000. ஒரே அடியில் 20 மடங்கு. சுயேச்சைக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும் என்றும் வந்தது. 2010-லிருந்து சட்டசபைக்கு 10,000, மக்களவைக்கு 25,000. இன்னைக்கு மொடக்குறிச்சியில் அதே 1,033 பேர் நிற்க வேண்டுமென்றால் 1 கோடிக்கு மேல் வேணும்.

அரசு தரப்பு நியாயத்தையும் சொல்லிடணும். புத்தகம் மாதிரி சீட்டைப் புரட்டி, கண் தெரியாத பாட்டி எப்படிப் பேர் தேடுவார்? தேர்தலை ஒழுங்காக நடத்தக் கட்டுப்பாடு தேவைதான். என் கேள்வி, அந்தக் கட்டுப்பாடு ஏன் பணமாகவே இருந்தது, ஏன் கீழே இருப்பவனுக்கு மட்டும் வந்தது என்பதுதான்.

மேலே என்ன நடந்தது பாருங்க. இப்போது சட்டசபை வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 40 லட்சம். கட்சிக்கு வரம்பே கிடையாது. முன்பு ஒரு கம்பெனி, முந்தைய மூன்று வருசச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம்தான் நன்கொடை தரலாம் என்றிருந்தது. 2017-ல் அதையும் எடுத்துவிட்டு, தேர்தல் பத்திரம் கொண்டு வந்தார்கள். கொடுத்தது யார் என்று ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அமெரிக்காவில் 1976-ல் வந்த ஒரு தீர்ப்பு, தேர்தலுக்குச் செலவழிப்பதும் பேச்சுரிமைதான் என்றது. 2010-ல் கம்பெனிகளின் செலவுக்கும் அதை நீட்டினார்கள். நம்ம நீதிமன்றம் அதே பேச்சுரிமைப் பிரிவை வைத்து, பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்றது.

அடுத்த மாசம் பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்த கம்பெனி நம்ம கோயமுத்தூர்தான். லாட்டரி தொழில் செய்யும் ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. திரிணமூலுக்கு அதைவிட அதிகம். பா.ஜ.க.வுக்கும் போயிருக்கிறது. எல்லாக் கம்பெனிகளின் பத்திரங்களையும் சேர்த்தால் அதிகம் வாங்கிய கட்சி பா.ஜ.க. அதனால் ஒருத்தரை மட்டும் கைகாட்ட முடியாதுங்க. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்து தடை. மற்ற மாநிலங்களில் சாமானியர்கள் வாங்கும் சீட்டுப் பணம் இப்படிக் கட்சி ஆபீசுக்குப் போயிருக்கிறது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,368 கோடியை 250-ஆல் வகுத்தால் 5 கோடியே 47 லட்சம். மொடக்குறிச்சிக்காரர் ஒருவர் பேசிய அளவை ஒரு பங்கு என்று வைத்தால், ஒரு கம்பெனி 5 கோடியே 47 லட்சம் பங்கு பேசியிருக்கிறது. அதுவும் பேரைச் சொல்லாமல்!

2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் 170 பேருக்கு மேல், தலைக்கு 25,000 டெபாசிட் என்றிருந்தும் மக்களவைத் தேர்தலில் நின்றார்கள். 2025 ஜனவரியில் அங்கே தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டது. சத்தம் கேட்கத்தான் செய்யுது. ஆனால் அரை ஏக்கர் வைத்திருப்பவனும் கூலிக்குப் போகிறவனும் அந்த 25,000-க்கு எங்கே போவார்கள்?

விளையாட்டாக நிற்பவர்களைத் தடுக்க வேண்டுமென்றால் டெபாசிட்டைக் குறைத்துவிட்டு, தொகுதிக்குள் 500 பேர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லலாம். கட்சிச் செலவுக்கும் ஒரு வரம்பு வைக்கலாம். கையெழுத்து வாங்க ஊர் ஊராக நடக்கணும், நாலு பேர் மதிக்கணும். அது எங்களால் முடியுமுங்க.