உரிமையும் உரிமமும்

மதுரை மாநகரின் வடக்கு வெளி வீதியில் சேதுபதி பள்ளி உள்ளது. 1904ஆம் ஆண்டில் சில திங்கள் பாரதியார் அங்கே தமிழாசிரியராய்ப் பணியாற்றினார். அவர் மறைந்தபின் அவருடைய நூல்களின் பதிப்புரிமை உறவினரிடமும் பிறரிடமும் இருந்தது. 1949இல் சென்னை அரசாங்கம் அதனை விலைகொடுத்துப் பெற்றது. பின்னர் அது மக்களுக்குப் பொதுவாயிற்று. இன்று எவரும் அப்பாடல்களை அச்சிடலாம். படைப்புக்கு உரிமையாளர் உண்டு. அவர் இசைந்தால் படியெடுத்தல் குற்றமன்று. இவ்விரு உண்மைகளையும் நாம் மறத்தலாகாது.

இன்று இவை பள்ளிக் கணினி அறைக்கும் பொருந்துகின்றன. கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். 1957ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டம், 1984இல் திருத்தப்பெற்றபோது, மென்பொருளையும் இலக்கியப் படைப்பாகக் கொண்டது. திருட்டுப் படி என அறிந்தே கணினியில் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு இலட்சம் வரை தண்டமும் விதிக்க 1994ஆம் ஆண்டின் திருத்தம் வழிவகுத்தது. வாணிக ஆதாயம் கருதாதவர்க்குச் சிறையின்றித் தண்டம் மட்டும் விதிக்கவும் இடமளித்தது.

பள்ளி என்பதனால் வழக்கு வாராதா? உருசிய நாட்டின் பெர்ம் பகுதியில், செபிச் என்னும் சிற்றூரில், பனோசவ் என்ற தலைமையாசிரியர்மீது வழக்கு வந்தது. பள்ளிக் கணினிகளில் உரிமம் இல்லாத விண்டோஸ் இருந்தது என்பதே குற்றச்சாட்டு. கணினிகள் வரும்போதே அது அவற்றில் இருந்தது என்றார் அவர். அவருக்காகக் கொர்பச்சேவ் பில் கேட்சுக்கு வேண்டுகோள் விடுத்தார். 2007 மே மாதம் 5,000 ரூபிள் தண்டம் விதிக்கப்பெற்றது. 2008இல் அவர் விடுவிக்கப்பட்டார். அதற்குள் ஓர் ஆசிரியரின் அமைதி குலைந்துவிட்டது. அக்காலத்திலேயே பெர்ம் உள்ளிட்ட சில பகுதிப் பள்ளிகளில் லினக்ஸ் சோதனை முறையில் புகுத்தப்பட்டது.

லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளின் உரிமம், படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் இசைவு தருகிறது. அதன் பெருமை விலையில் இல்லை. அந்த இசைவில் உள்ளது. 2001இல் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கிய கேரளம், சில ஆண்டுகளில் இவ்வழிக்கு மாறிற்று. ஆசிரியர்க்கும் பயிற்சி அளித்தது. பயிற்சி இன்றேல் நல்ல கருவியும் மூலையில் கிடக்கும் அன்றோ? தமிழகத்தில் 2011இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு, அதனைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அவ்வாறு கிட்டியது.

மாணவர்களே! விலை கொடுத்து உரிமம் பெறலாம்; உரிமையாளர் மனமுவந்து பொதுவாக்கியதைப் பயன்படுத்தலாம். இரண்டும் நேரிய வழிகளே. பிறர் உழைப்பை மறைவாய்ப் படியெடுப்பது மட்டும் வழியன்று. நேர்மையைப் பாடமாகக் கற்பிக்கும் வகுப்பறையில், அப்பாடத்தைக் காட்டும் கணினியும் நேர்மையாய் வந்ததாக இருத்தல் வேண்டும்.