ரைபிள் தோட்டாவின் பயனுறுதிறன்

ரைபிள் தோட்டாவின் பயனுறுதிறன் என்பது, தோட்டாவிலுள்ள உந்துமருந்தின் வேதி ஆற்றலில் எவ்வளவு பங்கு குண்டின் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்பதைக் குறிக்கும் விகிதம் ஆகும்.

எடுத்துக்காட்டாக, .303 மார்க் 7 தோட்டாவில் சுமார் 2.4 கிராம் கார்டைட் அடைக்கப்பட்டது. இம்மருந்தைத் தயாரிக்கவே நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலை நிறுவப்பட்டது. மருந்து எரியும்போது ஏறத்தாழ 10 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். நொடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளியேறும் 11.3 கிராம் குண்டு பெறும் ஆற்றலோ சுமார் 3.1 கிலோஜூல். அதாவது, பயனுறுதிறன் 30% அளவே ஆகும். எஞ்சிய ஆற்றலின் பெரும்பகுதி சூடான வளிமங்களுடன் வெளியேறுகிறது. ஒரு பகுதி குழலைச் சூடாக்குகிறது.

மருந்தைக் கூட்டினால் வேகம் உயரும். ஆனால் பயனுறுதிறன் பொதுவாகக் குறையும், குழல் விரைவில் தேயும். இத்தேய்மானத்தைத் தணிக்கவே, தொடக்ககாலக் கார்டைட்டில் 58% ஆக இருந்த நைட்ரோகிளிசரின் பின்னர் 30% ஆகக் குறைக்கப்பட்டது.