கண்டிச்சீமைக்குப் போனவர்களும் அகதிகளாக வந்தவர்களும்

சேலம் மாவட்டத்தில் பவளத்தானூர், குறுக்குப்பட்டி, நாகியம்பட்டி, செந்தாரப்பட்டி, நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி, மேட்டுப்பட்டி ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவற்றில் வாழ்கின்றனர். இம்முகாம்களின் வரலாறு 1983இல் தொடங்குவதாகவே பொதுவாகச் சொல்லப்படும். ஆனால் இந்த மாவட்டங்களுக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு அதைவிட நூறாண்டுக்கும் மேல் பழையது. முதலில் கடல் கடந்தவர்கள் இந்த மண்ணின் மக்களே.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைகளில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களை நிறுவினர். அவற்றுக்குக் கூலியாட்களை அனுப்பிய முதன்மையான மாவட்டங்களில் திருச்சி, மதுரை, தஞ்சாவூரோடு சேலமும் ஒன்று. மழை பொய்த்தால் பிழைப்பற்றுப்போகும் மானாவாரி நிலமும், நிலமே இல்லாத குடும்பங்களும் இங்கு மிகுதி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கொடுமையாக வதைத்தது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. செத்தவர் போக, எஞ்சியவர்களில் பலர் ஊரை விட்டுக் கிளம்பினர்.

அவர்களைத் திரட்டியவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலுக்கும் பேதிக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகர வில்லை ஒன்றை ஒவ்வொருவரும் உடலில் கட்டிக்கொள்ள வேண்டும். வழிச்செலவு முழுவதும் அந்த எண்ணின் பேரில் எழுதப்பட்டு, தோட்டம் போய்ச் சேரும் முன்பே கடனாகத் தலையில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால், கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

காப்பி அழிந்து தேயிலை வந்தது. தற்காலிகமாகப் போனவர்கள் ‘லயங்கள்’ எனப்படும் தோட்ட வரிசைவீடுகளில் நிலைத்தனர். ஊரிலிருந்து அவர்கள் கொண்டுபோனவற்றுள் அழியாமல் நின்றவை குலதெய்வமும் கூத்தும். மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு பொன்னர் சங்கர் கூத்தும் ஆடப்படுகிறது. இது கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை. நாமக்கல் பகுதியில் உடுக்கடித்துப் பாடப்படும் அதே கதையைக் கண்டி மலையின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காத்திருக்கிறார்கள். படிக்கவும் எழுதவும் வாய்ப்பற்றிருந்த ஒரு மக்கள்கூட்டம் தன் பூர்வீகத்தைக் காப்பாற்றிக்கொண்ட விதம் போற்றத்தக்கது.

இலங்கை விடுதலையடைந்த 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் வந்தவர்களில் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிற இடங்களின் நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். பாட்டன் விட்டுப்போன ஊரைத் தேடி வந்தவர்களும் உண்டு. ஆனால் அங்கே அவர்களுக்கு நிலமோ வீடோ இருக்கவில்லை.

இந்தியாவுக்குத் திரும்பாத குடும்பங்களில் ஒரு பகுதி, 1977ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, மன்னார் பகுதிகளில் குடியேறியது. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு போர் அங்கும் துரத்தியது. வடக்கையும் கிழக்கையும் பூர்வீகமாகக் கொண்ட ஈழத் தமிழரோடு சேர்ந்து இவர்களும் படகேறினர். மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டுப் பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 2012 வரை நான்கு கட்டங்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர்.

தொடக்க காலத்தில் தமிழ்நாட்டு மக்கள் இவர்களை அரவணைத்தனர். 1991இல் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளால் கொலையுண்ட பின் நிலைமை மாறியது. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது, தொண்டு நிறுவனங்கள் வெளியேற்றப்பட்டன, உயர்கல்வி வாய்ப்புகள் அடைபட்டன. 1996க்குப் பிறகே அவை மெல்லத் திறந்தன. இலங்கைத் தமிழர் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியையே முதன்மைப் பணியாகக் கொண்டது. முகாமில் படித்தவர்களே முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தனர். பத்துக்குப் பத்து அடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்த சூழலிலிருந்து பட்டதாரிகள் உருவானார்கள். ஆண்களில் பெரும்பாலோர் பெயின்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்றனர். காலையில் வேலைக்குப் போனாலும் வருகைப் பதிவு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். அதை அவர்கள் ‘செக்கிங்’ என்பார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம் மக்களுக்காக 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களை அறிவித்தது. அப்போது 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். 7,469 புதிய வீடுகள், உயர்த்தப்பட்ட பணக்கொடை, கல்வி உதவி ஆகியவை அத்திட்டங்களில் அடங்கும். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது.

வீடு கிடைத்தாலும் குடியுரிமை இன்னும் கைகூடவில்லை. பெற்றோரில் ஒருவரும் இந்தியக் குடிமகனாக இல்லையென்றால், 1987 ஜூலை 1 முதல் இங்கு பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. அகதிகள் குடியுரிமை பெற வழிசெய்யும் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலிலும் இலங்கை இடம்பெறவில்லை. முகாம்களில் பதிவானவர்களில் ஏறத்தாழ 29,500 பேர் இந்திய வம்சாவளியினர் என்று மதிப்பிடப்படுகிறது. தங்களைக் குடிமக்களாக ஏற்கக் கோரி அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. பஞ்சத்தால் இந்த மாவட்டங்களிலிருந்து கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்களும் அந்த வம்சாவளியைச் சேர்ந்தவர்களே. அவர்களை அந்நியராகக் கருத இந்த வரலாற்றில் இடமில்லை.