பட்டியலில் சந்திக்கும் இரு வண்டிகள்

நெடுந்தூரப் பயணத்துக்கென்று ஒரு பெரிய மோட்டார் சைக்கிளை வாங்கத் தீர்மானித்தவர் கையில், முன்பணம் கட்டும் முன்பே இரண்டு பட்டியல்கள் சேர்ந்திருக்கும். ஒன்று, கேட்டுத் தெளிய வேண்டிய கேள்விகள். மற்றொன்று, வண்டி வீட்டுக்கு வந்த கையோடு மாற்றப்போகிறவை. அமெரிக்கச் சந்தையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நேருக்கு நேர் நின்ற இரண்டு ஸ்போர்ட் டூரர்களுக்கு, யமஹா எஃப்ஜேஆர் 1300-க்கும் கவாஸாகி கான்கர்ஸ் 14-க்கும், வாங்குவோர் எழுதிவைக்கும் இத்தகைய பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் ஒரு வியப்பு எழுகிறது. தலைப்பை மறைத்துவிட்டால், எது எந்த வண்டிக்கான பட்டியல் என்று பாதிக்கு மேல் சொல்ல முடிவதில்லை.

வியப்புக்குக் காரணம், இரண்டின் பிறப்பும் ஒன்றல்ல என்பது. எஃப்ஜேஆர் 2001-இல் ஐரோப்பாவில் அறிமுகமானபோதே பயணத்துக்கென வெற்றுத் தாளில் வரையப்பட்ட வண்டி. 2007-இல் வந்த கான்கர்ஸ் 14, வேகத்துக்கே பெயர்போன இசட்எக்ஸ்-14-இன் எஞ்சினையும், அதன் ஒற்றைக்கூட்டு அலுமினியச் சட்டகத்தின் வழிமுறையையும் வாங்கிக்கொண்டு, மேலே பெட்டிகளையும் ஷாஃப்ட் டிரைவையும் ஏற்றுக்கொண்டது. முன்னதின் சிலிண்டர் 79 மி.மீ. விட்டமும் 66.2 மி.மீ. ஓட்டமும் கொண்டது. பின்னதில் விட்டம் 84, ஓட்டம் 61. அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும் இந்தச் சிலிண்டர், உயர்ந்த சுழற்சியை விரும்பும் எஞ்சினின் அடையாளம். உச்ச சக்தி கான்கர்ஸில் 155 குதிரைத்திறன், 2006-க்குப் பிந்தைய எஃப்ஜேஆரில் 144 அளவில். ஆனால் முறுக்குவிசைக்கு வாருங்கள்: 136 நியூட்டன் மீட்டர், 134 நியூட்டன் மீட்டர். கான்கர்ஸின் மாறும் வால்வு நேர அமைப்பு, அந்த விசையைக் கீழ்ச்சுழற்சிக்கு இறக்கிக் கொண்டுவந்துவிட்டது. வெவ்வேறு வீட்டில் வளர்ந்தவை, சாலையில் ஒரே வேகத்தில் மூச்சுவிடுகின்றன.

உடலோடு ஒட்டிய மாற்றங்களில்தான் பட்டியல்கள் ஒன்றையொன்று நகலெடுத்தவை போலிருக்கின்றன. ஹேண்டில்பாரை உயர்த்தி, ஓட்டுபவர் பக்கம் இழுக்கும் ரைசர், சீட்டை மாற்றுவது அல்லது அதன் நுரையை வெட்டித் திருத்துவது, உயரமான விண்ட்ஷீல்டு, காலை நீட்டி வைக்கக் கூடுதல் ஃபுட்பெக். எஃப்ஜேஆரின் சீட் 805, 825 மி.மீ. என இரண்டு உயரங்களில் அமையும். கான்கர்ஸின் சீட் 815 மி.மீ.; துல்லியமாக இரண்டுக்கும் நடுவில். இரு நிறுவனங்களின் பொறியாளர்களும் தனித்தனியே வேலை செய்து ஏறக்குறைய ஒரே இடுப்பெலும்பை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அந்த இடுப்பெலும்பு உங்களுடையதாக இல்லாவிட்டால் சீட் இரண்டிலும் தவறும். செருப்புக்காகக் காலை வெட்ட முடியாது. எட்டு மணி நேரம் அமர்ந்த பிறகு வலிக்கும் இடமே இந்தப் பகுதியை எழுதுகிறது. தொட்டியில் ஒட்டியிருக்கும் பெயருக்கு அதில் பங்கு குறைவு.

விண்ட்ஷீல்டு விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். இரண்டிலும் அது பொத்தானை அழுத்த ஏறி இறங்கும். இரண்டின் உரிமையாளர்களும் இன்னும் உயரமானதைத் தேடுவார்கள். உயரம் கூடினால் காற்று குறையும் என்ற எண்ணம் இயல்பானது. நடப்பது பல நேரம் வேறு. உயர்ந்த கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் தாழ்ந்த ஒரு பகுதி உருவாகி, முதுகுப்பக்கத்துக் காற்று ஓட்டுபவரை முன்னே தள்ளும். கண்ணாடியின் விளிம்பில் உடையும் காற்றுச்சுழல் ஹெல்மெட்டுக்கு மேலே போகாமல் காதருகே வந்து மோதினால், குட்டைக் கண்ணாடியில் இருந்ததைவிட இரைச்சல் கூடும். எனவே ‘எது நல்ல கண்ணாடி?’ என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. உங்கள் உயரமும் உடலமைப்பும் கொண்ட ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் எதை மாட்டியிருக்கிறார், எந்த வேகத்தில் போகிறார் என்று கேட்பது பயன் தரும். அவர் ஓட்டுவது எதிர்முகாம் வண்டியாக இருந்தாலும் அவர் சொல் உதவும்.

வெப்பத்தின் கதையும் இப்படித்தான். எஃப்ஜேஆரின் முதல் தலைமுறையில் முழங்காலருகே சூடு என்ற குறை பரவலாக எழுந்தது. 2006-இல் ஃபேரிங் திருத்தப்பட்டு, பக்கத் தகடுகளை வெளியே நகர்த்தி வைக்கும் வசதியும் வந்தது. கான்கர்ஸின் முதல் இரண்டு ஆண்டு வண்டிகளிலும் அதே குறை, அதே இடத்தில். 2010-இல் அங்கும் ஃபேரிங் திருத்தப்பட்டது. இடையில் இருந்த உரிமையாளர்கள் இரு பக்கமும் செய்தது ஒன்றே: டேங்குக்கு அடியிலும் ஃபேரிங்கின் உட்புறத்திலும் வெப்பம் தடுக்கும் தகட்டையும் நுரையையும் ஒட்டினார்கள். ஆகையால் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி எந்த ஆண்டுத் தயாரிப்பு என்பதே. அதற்கான பதில் பட்டியலிலிருந்து சில வரிகளை நீக்கிவிடும்.

ஒற்றுமை இவ்வளவு நெருக்கமாகப் போகும்போது, த்ராட்டில் குறித்த வரிகளில் அது தலைகீழாகத் திரும்புகிறது. இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். பயணத்துக்கென்றே பிறந்த எஃப்ஜேஆரின் 2006-க்கும் 2013-க்கும் இடைப்பட்ட வண்டிகளில், மூடிய த்ராட்டிலைச் சற்றே திறந்ததும் வண்டி வெடுக்கென்று முன்னே இழுக்கும். அதைத் தணிக்க, கேபிள் சுற்றும் வளைவு மாற்றப்பட்ட த்ராட்டில் குழாயை வாங்கிப் பொருத்துவார்கள். முதல் சில டிகிரி திருப்பத்தில் கேபிள் மெதுவாக இழுபட, வண்டி சாதுவாகும். வேகக் குடும்பத்தில் பிறந்த கான்கர்ஸிலோ தாழ்ந்த கியர்களில் தூக்கக் கலக்கம். ஓட்டுபவர் முழுமையாகத் திறந்தாலும், கணினி கட்டுப்படுத்தும் இரண்டாம் வரிசைத் தகடுகள் காற்றின் வழியைப் பாதி மறைத்துக்கொண்டிருக்கும். அந்தத் தகடுகளைக் கழற்றி எறிவதும், எஞ்சின் கணினியின் நிரலைத் திருத்தி எழுதுவதும் கான்கர்ஸ் பட்டியலின் நிரந்தர வரிகள். பயணியை அமைதிப்படுத்த ஒரு மாற்றம். ஓட்டக்காரனை எழுப்பிவிட ஒரு மாற்றம். பந்தய எஞ்சினைப் பெட்டி சுமக்க வைக்கும்போது அதன் முரட்டுத்தனத்தை வடிவமைப்பாளர் அளவுக்கு மீறி அடக்கியிருக்கிறார். பயண எஞ்சினில் அப்படி அடக்க வேண்டும் என்ற எச்சரிக்கையே எழாமல் போயிருக்கலாம். மாற்றங்கள் முடிந்த பிறகு இரண்டு த்ராட்டில்களும் ஏறக்குறைய நடுவழியில் வந்து சந்திக்கின்றன.

பின்சக்கர டயரும் இதே கதையைச் சிறிய அளவில் சொல்கிறது. எஃப்ஜேஆருக்கு 180/55, கான்கர்ஸுக்கு 190/50. கணக்குப் போட்டால் டயரின் பக்கச்சுவர் உயரம் முன்னதில் 99 மி.மீ., பின்னதில் 95. கான்கர்ஸ் உரிமையாளர்கள் பலர் அடுத்த டயரை 190/55 ஆக வாங்குகிறார்கள், பக்கச்சுவர் 104.5 மி.மீ. ஆகிறது, வண்டியின் பின்பகுதி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது, வளைவில் சாய்வது எளிதாகிறது. எஃப்ஜேஆர் பட்டியலில் இந்த வரியைக் காண்பது அரிது. ஆனால் இங்கே மாற்றம் ஒரு புதிய கேள்வியைப் பெற்றுவிடுகிறது. சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது. 2010-க்குப் பிந்தைய கான்கர்ஸில் டிராக்ஷன் கன்ட்ரோல் முன், பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டே வழுக்கலை அறிகிறது. அந்த ஒப்பீட்டுக்குள் இந்த 3 விழுக்காடு அடங்குமா என்று டயர் வாங்கும் முன் கேட்பவரே சரியாகத் தயாரானவர். ரைசரும் அப்படித்தான். கைப்பிடியை 3 சென்டிமீட்டர் தூக்கினால், அதை முழுக்கத் திருப்பும்போது பிரேக் குழாயும் கேபிளும் எட்டுமா என்பது உடன் எழ வேண்டிய கேள்வி.

இவ்விடத்தில் இரு பட்டியல்களுக்கும் உள்ள எல்லைக்கோடு தெளிவாகிறது. மாற்ற முடிந்தது மாற்றப் பட்டியலுக்குப் போகலாம். மாற்ற முடியாதது வாங்கும் முன்பே கேள்வியாக நின்றாக வேண்டும். செயின் ஓட்டும் வண்டியில் பல்சக்கரத்தை மாற்றிக் கியர் விகிதத்தைத் திருத்திக்கொள்ளலாம். இவை இரண்டும் ஷாஃப்ட் டிரைவ் என்பதால் அந்த வழி அடைபட்டது. எஃப்ஜேஆர் 2015 வரை ஐந்து கியர்களோடு ஓடியது, 2016-இல்தான் ஆறாவது வந்தது. கான்கர்ஸ் முதல் நாளிலிருந்தே ஆறு கியர், கடைசிக் கியர் எஞ்சினை ஓய்வாக ஓடவிடுவதற்கே. ‘நெடுஞ்சாலையில் எஞ்சின் எத்தனை ஆயிரம் சுற்றும்?’ என்ற கேள்விக்குக் கடையிலிருந்து உதிரிப்பாகம் வாங்கிப் பதில் சொல்ல முடியாது.

வால்வு இடைவெளிச் சோதனையும் அவ்வாறே. எஃப்ஜேஆருக்கு ஏறத்தாழ 42,000 கி.மீ.க்கு ஒருமுறை, கான்கர்ஸுக்கு 24,000 கி.மீ.க்கு ஒருமுறை. ஒரு லட்சம் கி.மீ. ஓட்டுபவர் முன்னதில் இரண்டு முறை, பின்னதில் நான்கு முறை ஃபேரிங்கையும் டேங்கையும் கழற்ற வேண்டும். ஆண்டுக்கு ஐயாயிரம் கி.மீ. ஓட்டுபவருக்கு இது பொருட்டல்ல. கண்டம் கடப்பவருக்குப் பெரும் செலவு.

க்ரூஸ் கன்ட்ரோலில் யமஹா முந்திவிட்டது. 2013-இல் எஃப்ஜேஆரின் த்ராட்டில் மின்னணுவுக்கு மாறியபோது அது கூடவே வந்தது. கான்கர்ஸ் கடைசிவரை கேபிளிலேயே இருந்ததால், அதன் பட்டியலில் வெளியிலிருந்து வாங்கும் க்ரூஸ் கருவியோ, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துவைக்கும் எளிய பூட்டோ தவறாமல் இடம்பெறும். மறுபக்கம், சாவியைச் சட்டைப்பையில் வைத்தபடியே வண்டியை உயிர்ப்பிக்கும் அமைப்பு கான்கர்ஸில் முதலிலிருந்தே உண்டு. அதனுடன் ‘சாவியின் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது?’ என்ற வரியும் உண்டு.

இனி பெட்ரோல் டேங்க். எஃப்ஜேஆரில் 25 லிட்டர், கான்கர்ஸில் 22. இரண்டுக்கும் லிட்டருக்கு 17 கி.மீ. என்று ஒரே அளவை வைத்தால் 425 கி.மீ., 374 கி.மீ. கடைசித் துளிவரை ஓட்டுவதாகக் கொண்டாலும், அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் வைக்கும் தொடக்கச் சோதனையான 24 மணி நேரத்தில் 1,000 மைலுக்கு, அதாவது 1,609 கி.மீ.க்கு, முன்னது மூன்று முறையும் பின்னது நான்கு முறையும் நிற்க வேண்டும். வித்தியாசம் ஒரே ஒரு நிறுத்தம். அந்த அமைப்பின் 11 நாள் பந்தயத்துக்குப் போகிறவர்கள் கூடுதல் டேங்க் பொருத்துவார்கள். விதிப்படி வண்டியின் மொத்தக் கொள்ளளவு 11.5 அமெரிக்க கேலன், சுமார் 43.5 லிட்டர், அதைத் தாண்டக்கூடாது. எனவே எஃப்ஜேஆர்காரர் 18.5 லிட்டர் சேர்ப்பார், கான்கர்ஸ்காரர் 21.5 லிட்டர் சேர்ப்பார். பட்டறையிலிருந்து வெளியே வரும்போது இரண்டு வண்டிகளும் ஒரே அளவு பெட்ரோலைச் சுமந்திருக்கும். தொழிற்சாலை வைத்த மூன்று லிட்டர் வேறுபாட்டை ஒரு விதி சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது.

அந்தக் கூடுதல் டேங்க் இரு வண்டிகளிலும் பெரும்பாலும் உட்காரும் இடம் ஒன்றே: பின்சீட். அங்கே டேங்க் ஏறினால் துணைக்கு வருபவர் இறங்க வேண்டும். அவர் வருவதென்றால் டேங்க் வேண்டாம். அதற்குப் பதில் முதுகு சாய்க்கப் பின்பெட்டி வேண்டும். பின்பெட்டி வந்தால், பின்சக்கர அச்சுக்கும் பின்னால் உயரத்தில் எடை ஏறி, வேகத்தில் முன்சக்கரம் இலேசாகும். அதற்கேற்பப் பின் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். எஃப்ஜேஆரின் சாதாரண வடிவத்தில் ‘மென்மை, கடினம்’ என்று இரண்டே நிலைகள் தரும் நெம்புகோல் போதுமா, கான்கர்ஸின் கைத்திருகு போதுமா என்று யோசிக்க வேண்டும். சீட்டின் நுரை, விண்ட்ஷீல்டின் உயரம், பெட்டியின் எடை வரம்பு எல்லாம் துணைக்கு ஒருவர் வருகிறாரா என்ற இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. நான் பார்த்தவரை பலர் இதைப் பட்டியலின் அடியில் எழுதுகிறார்கள். இரண்டு வண்டிக்கும் இதுவே முதல் வரியாக இருக்க வேண்டும். அதை விற்பவரிடம் கேட்க முடியாது. வீட்டில், பணம் கட்டப் புறப்படும் முன், ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்: “நீயும் வர்றியா?”