வாலாஜா நவாபின் சபையும் அதன் விலையும்

எண்ணூரின் கத்திவாக்கமும் அதனை அடுத்த திருவொற்றியூரும், 1708-ஆம் ஆண்டு கர்நாடக நவாப் தாவூத் கான் ஆங்கிலேயக் கம்பெனிக்கு அளித்த ஐந்து ஊர்களுள் அடங்கும். அன்று நவாப் கொடுப்பவர். கம்பெனி கைநீட்டிப் பெறுவது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்நிலை தலைகீழாயிற்று. சென்னையில் இஸ்லாமியக் கலையும் கல்வியும் செழித்ததும் அதே காலத்தில்தான் என்பது வியப்பு.

1749 முதல் 1795 வரை நவாபாக விளங்கிய முஹம்மது அலி வாலாஜா, 1768-இல் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பினார். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் லியொனார்டோ டா வின்சியை வரவழைத்துப் போற்றியதைப் பலரும் படித்திருப்போம். லக்னோவின் ஃபிரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்களை வாலாஜா சென்னைக்கு வரவழைத்து, 'மலிகுல் உலமா' எனும் பட்டம் அளித்துச் சிறப்பித்ததை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? 1810-இல் மறைந்த அவர், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலை ஒட்டியே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

1795-இல் கருங்கல்லால் எழுந்த அப்பள்ளியில் ஒரு பாரசீகக் கல்வெட்டு உண்டு. அதிலுள்ள சொற்றொடரின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். அதை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர். இறையில்லத்தின் ஆண்டைக் கணித்துப் பாட அவரை அழைத்ததில் அக்காலத்தார் எவரும் தயக்கம் காட்டியதாகத் தெரியவில்லை.

நவாபின் வரலாற்றைப் புர்ஹான் இப்னு ஹசன் 'துஸுகே வாலாஜாஹி' எனப் பாரசீகத்தில் எழுதினார். சபையின் மொழியே பாரசீகந்தான். உமறுப் புலவரின் சீறாப்புராணமோ அதற்கு முந்தைய நூற்றாண்டில், கீழக்கரை சீதக்காதி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆகிய வணிகர்களின் கொடையால் உருவானது. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தை வளர்த்தது அரண்மனை அன்று, கடல் வாணிகம்.

இவ்வளவு சிறப்புக்கும் பணம் எங்கிருந்து வந்தது? போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் நவாப் கம்பெனி அதிகாரிகளிடமே வட்டிக்கு வாங்கினார். ஈடாக மாவட்டங்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். சுமை உழவர் தலையில் இறங்கியது. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை அறிந்த உலமாக்களை அருகில் வைத்துக்கொண்டே இது நடந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1785-இல் எட்மண்ட் பர்க் இலண்டன் நாடாளுமன்றத்தில் இக்கடன்களின் முறைகேட்டைக் கடுமையாகச் சாடினார்.

1801-இல் கம்பெனி கர்நாடக ஆட்சியை முழுதும் எடுத்துக்கொண்டது. கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் 'ஆஸம்' என்னும் புனைபெயரில் பாரசீகக் கவிதைகள் எழுதியவர். 1855-இல் அவர் வாரிசின்றி இறந்ததும் சேப்பாக்க மாளிகையும் அரசின் கைக்குப் போனது.