தனக்கென ஒரு மைதானம்

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் பெண்கள் ஆடும் கால்பந்தைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. இந்த விளையாட்டு பெண்களுக்குச் சற்றும் பொருந்தாதது, அதை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் முதல் பகுதி. பெண்கள் விளையாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். நான் அடுத்த பகுதியில்தான் நின்றுவிடுகிறேன். சங்கத்தில் உறுப்பினராக உள்ள கிளப்புகள் தங்கள் மைதானங்களைப் பெண்கள் ஆட்டத்துக்குத் தர மறுக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. பெண்கள் பந்தை உதைப்பதைத் தடுக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. மைதானத்தின் கதவைச் சாத்தினால் போதும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கதவுக்குள் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு முன், 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் ‘டிக், கெர் லேடீஸ்’ அணி ஆடியது. உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் பல ஆயிரம். அன்று வசூலான 3,115 பவுண்டும் அறக்கொடைக்காகத் திரட்டப்பட்டது. போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிலில் உழைத்த பெண்கள், காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்காக ஆடத் தொடங்கிய ஆட்டம் அது. 1921இல் வேலையிழந்து நின்ற சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் அவர்கள் ஆடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கதவு சாத்தப்பட்டது. வசூலில் பெரும்பங்கு செலவுக்கே போய்விடுகிறது என்ற சந்தேகத்தையும் சங்கம் தன் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டது. பெண்கள் கையில் பணம் புழங்கினால் உடனே கணக்குக் கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

இங்கிலாந்தில் அந்தத் தடை 1971 வரை நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துக் கூட்டமைப்பு 1955இல் இதே ஆயுதத்தை எடுத்தது: கிளப்புகள் பெண்கள் அணி வைக்கக் கூடாது, மைதானம் தரக் கூடாது. அது 1970இல்தான் விலக்கப்பட்டது. தடை நீங்கியபோது பெண்களுக்கு ஆடும் உரிமை திரும்பக் கிடைத்தது. ஐம்பது ஆண்டு நுழைவுக் கட்டணம், அதில் எழுந்த பார்வையாளர் மாடங்கள், விளக்குகள், நிலத்தின் விலையேற்றம் இவை எதுவும் கிடைக்கவில்லை. நிலம் உள்ளவனுக்குப் பணம் வட்டி போட்டுக் குட்டி போட்டது. பெண்கள் பூங்காக்களிலும் இரவல் திடல்களிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகக் காரணம் இருக்கிறது. அங்கே இப்படியொரு தடை இருந்ததில்லை. கூட்டரசின் நிதி பெறும் கல்வி நிலையங்கள் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1972இல் வந்த ‘டைட்டில் ஒன்பது’ சட்டம், பள்ளி கல்லூரிகளில் பெண்களுக்கு அணிகளைத் திறந்துவிட்டது. 1999 பெண்கள் உலகக் கோப்பையைச் சிறிய அரங்கங்களில் நடத்தினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அமைப்பாளர்கள் துணிந்து பெரிய அரங்கங்களைப் பிடித்தார்கள். கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் அரங்கில் நடந்த இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் 90,185 பேர். தடையில்லாத நாட்டில், இத்தனை கூட்டத்தைப் பார்த்த பிறகு, பெண்களின் தொழில்முறைக் கால்பந்துக்கு மைதானம் ஒரு சிக்கலாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் இருந்தது.

2001இல் எட்டு அணிகளோடு ‘வூசா’ என்ற பெண்கள் லீக் தொடங்கியது. டிஸ்கவரி தொலைக்காட்சியை நிறுவிய ஜான் ஹெண்ட்ரிக்ஸும் சில கேபிள் நிறுவனங்களும் பணம் போட்டார்கள். ஐந்தாண்டுக்கென்று ஒதுக்கிய 4 கோடி டாலர் முதல் ஆண்டிலேயே கரைந்தது. அணிகள் பெரும்பாலும் வாடகை மைதானங்களில், பல்கலைக்கழக அரங்கங்களில், தங்களுக்கு மிகப் பெரிய அமெரிக்கக் கால்பந்து அரங்கங்களில் ஆடின. நட்சத்திர வீராங்கனைகள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அப்படியும் 2003 செப்டம்பர் 15 அன்று, உலகக் கோப்பைக்கு ஐந்து நாள் முன்னால், லீக் மூடப்பட்டது. மூன்று பருவங்களில் நட்டம் சுமார் 10 கோடி டாலர்.

பெண்கள் ஆட்டம் சந்தையில் விலைபோகவில்லை என்று சொல்ல இது வசதியான சான்றாயிற்று. அதே காலத்தில் ஆண்களின் லீக் எப்படியிருந்தது? 1996இல் ஆடத் தொடங்கிய ‘மேஜர் லீக் சாக்கர்’ முதல் ஐந்தாண்டில் இழந்ததாகச் சொல்லப்படும் தொகை சுமார் 25 கோடி டாலர். 2002 தொடக்கத்தில் இரண்டு அணிகளை அது மூடவும் நேர்ந்தது. ஆனால் அதன் முதலாளிகள் கடையைக் கட்டவில்லை. கட்டியது மைதானங்களை. 1999இல் லாமர் ஹண்ட் தன் கொலம்பஸ் அணிக்காக சுமார் 2.8 கோடி டாலர் செலவில் கால்பந்துக்கென்றே ஓர் அரங்கம் எழுப்பினார். 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இன்னொன்று வந்தது.

இதன் பொருளாதாரம் எளிமையானது. வாடகை மைதானத்தில் அணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிக்கெட் காசுதான். வண்டி நிறுத்தும் கட்டணம், தீனி, பானம், விளம்பரப் பலகை, அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை, ஆட்டமில்லாத நாளில் நடக்கும் இசைக் கச்சேரி ஆகியவற்றின் வருமானம் பெரிதும் நிலத்துக்காரரைச் சேரும். எந்த நாளில், எந்த நேரத்தில் ஆட்டம் என்பதையும் அவரே முடிவு செய்வார். கால்பந்து அணியின் நட்டமும் லாபமும் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. ஆண்கள் அணிக்குக் காத்திருக்கப் பொறுமையான முதலும் காலூன்ற நிலமும் கிடைத்தன. பெண்கள் அணிக்கு மூன்று ஆண்டு கிடைத்தது.

ஆண்களின் அரங்கங்கள் எல்லாம் முதலாளியின் பணத்தில் எழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஊராட்சிகளும் நகராட்சிகளும் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி அரங்கம் கட்டித் தருவது பழைய வழக்கம். சிகாகோவை ஒட்டிய பிரிட்ஜ்வியூ பதினாறாயிரம் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். ‘சிகாகோ ஃபயர்’ என்ற ஆண்கள் அணிக்காகக் கடன் வாங்கி அது கட்டிய அரங்கம் 2006இல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. ஊரின் கடன் 20 கோடி டாலரைத் தாண்டியது, சொத்து வரி ஏறியது. 2019 பருவத்துக்குப் பின் அந்த அணி 6.5 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகி, சிகாகோவின் பெரிய அரங்குக்கே திரும்பியது. மிச்சமிருந்த முக்கியக் குடித்தனக்காரர்கள் பெண்கள். ‘சிகாகோ ரெட் ஸ்டார்ஸ்’ அணி 2016 முதல் அங்கே ஆடிவந்தது. ஆண்கள் விட்டுப்போன வீட்டில் பெண்கள் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெண்களுக்கென்றே கட்டினால் சரியாகிவிடுமா? ஜார்ஜியா மாநிலத்தின் கென்னசாவில் 2010 மே மாதம் 8,300 இருக்கைகளுக்குச் சற்று மேலான ஓர் அரங்கம் திறந்தது. கட்டுமானச் செலவு சுமார் 1.65 கோடி டாலர். பெண்களின் தொழில்முறைக் கால்பந்தை முதன்மையாக வைத்துக் கட்டியது என்று பெருமையாக அறிவித்தார்கள். கட்டியவர்கள் ஓர் அரசுப் பல்கலைக்கழகமும் ‘அட்லாண்டா பீட்’ அணியும். வூசாவுக்குப் பின் 2009இல் தொடங்கிய இரண்டாவது பெண்கள் லீக்கில் அந்த அணி இருந்தது. இரண்டு பருவம் ஆடியது. 2012 ஜனவரியில் லீக் நின்றது, அணியும் மறைந்தது. அரங்கம் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 2015 முதல் அங்கே பல்கலைக்கழக ஆண்களின் அமெரிக்கக் கால்பந்து நடக்கிறது. பெண்களைக் காட்டிக் கட்டியதற்குப் பெண்களிடம் பட்டா இல்லை.

இந்தப் பின்னணியில்தான் கான்சஸ் சிட்டியின் கதையை வாசிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய மூன்றாவது லீக்கில் அந்நகரத்துக்கு ‘எஃப்சி கான்சஸ் சிட்டி’ என்றோர் அணி இருந்தது. 2014, 2015 இரண்டு ஆண்டும் அது சாம்பியன். முதல் ஆண்டு அது ஆடியது ஓர் உயர்நிலைப் பள்ளியின் திடலில். பிறகு பல்கலைக்கழக அரங்கம், அதன் பிறகு ஒரு பயிற்சி வளாகம். 2017இல் அணியே கலைந்தது. வேறோர் ஊரிலும் நிலைமை இதுதான். நியூ ஜெர்சியின் ‘ஸ்கை ப்ளூ’ வீராங்கனைகளுக்குப் பயிற்சி முடிந்து குளிக்கக்கூட வசதியில்லை என்ற செய்தி 2018இல் வெளிவந்தது.

2020 கடைசியில் கான்சஸ் சிட்டிக்கு மறுபடி ஓர் அணி வந்தது. ஆஞ்சி லாங், கிறிஸ் லாங் தம்பதியும் பிரிட்னி மஹோம்ஸும் அதன் நிறுவனர்கள். முதல் பருவம் ஒரு பேஸ்பால் அரங்கில், அடுத்த இரண்டு பருவம் ஆண்கள் அணியின் அரங்கில். இதற்கிடையில் மிசூரி ஆற்றங்கரையில் துறைமுக வாரியத்தின் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து 11,500 இருக்கைகளோடு சொந்த அரங்கம் கட்டினார்கள். முதலில் 7 கோடி டாலர் என்ற செலவு 11.7 கோடி ஆகி அதையும் தாண்டியது. மாநிலம் சிறிதளவு வரிச் சலுகை தந்தது. மற்றபடி பெரும்பகுதி தனியார் பணம். 2024 மார்ச் 16 அன்று முதல் ஆட்டம். போர்ட்லாண்ட் அணியை 5-4 என்று வென்றார்கள். ஒரு பெண்கள் தொழில்முறை அணி தன் சொந்தத் தேவைக்கென்று எழுப்பிய முதல் அரங்கம் என்று அது கொண்டாடப்படுகிறது. அந்தப் பருவத்தில் டிக்கெட்டுகள் தொடர்ந்து விற்றுத் தீர்ந்தன.

குடிசன் பார்க் கதவு மூடியதிலிருந்து நூறாண்டைக் கடந்து வந்த நாள் அது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ‘பெண்களுக்கென்று’ என்பதும் ‘பெண்களுடைய’ என்பதும் ஒன்றல்ல. அரங்கம் ஒரு ரயில் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைச் சுற்றிக் குடியிருப்பும் கடைகளும் எழுப்பும் பெரிய திட்டத்தை உரிமையாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். நிலத்தின் மதிப்பு ஏறும்போது ஆதாயம் முதலீட்டாளர்களுக்கு. ஆடுகிற பெண்கள் இங்கும் ஊழியர்கள்தான்.

பெண்கள் கால்பந்து லாபம் தரும் என்று தெரிந்ததும் நுழைவு விலையும் ஏறிவிட்டது. லீக்கில் புதிதாக ஓர் அணி சேர்க்க 2023இல் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டார அணி கொடுத்தது 5.3 கோடி டாலர். 2025 ஜனவரியில் டென்வர் கொடுத்தது 11 கோடி. அதே ஆண்டு டென்வர் நகர மன்றம் அரங்க நிலத்துக்கும் சுற்றுக் கட்டமைப்புக்கும் 7 கோடி டாலர் வரை செலவிடும் பாதையில் இறங்கியது. அரங்கத்தைக் கட்டுவது அணியின் பொறுப்பு.

பாஸ்டனில் கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கே ஃபிராங்க்ளின் பூங்காவுக்குள் ஒயிட் ஸ்டேடியம் இருக்கிறது. 1949இல் திறந்தது, நகரப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. சுற்றிலும் கறுப்பினத்தவரும் லத்தீன் குடும்பங்களும் நிறைந்த பகுதிகள். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில் கறுப்பின மக்கள் திரண்டு தங்கள் கோரிக்கைகளை அறிவித்த இடமும் அதுவே. பல ஆண்டுகளாகப் பராமரிப்பின்றிச் சிதிலமடைந்திருந்த அதைப் புதுப்பித்துப் பள்ளிகளும் புதிய பெண்கள் அணியும் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தை மேயர் மிஷெல் வூ முன்வைத்தார். அணியின் முதலீட்டாளர் குழுவுக்குத் தலைமை வகிப்பவர்கள் பெண்கள். பாதிச் செலவு அணியுடையது, பாதி நகரத்துடையது. நகரத்தின் பங்கு 5 கோடி டாலர் என்று தொடங்கி 2024 இறுதிக்குள் 9.1 கோடியானது. பூங்காப் பாதுகாப்பு அமைப்பும் அக்கம்பக்கத்தவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். பொதுப் பூங்காவைத் தனியாருக்குத் தருவது சட்டத்துக்குப் புறம்பானது என்றார்கள். 2025 ஏப்ரலில் கீழ்நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

இங்கே இரு பக்கமும் பெண்கள். “ஆண்கள் அணிகளுக்கு அரசுகள் கோடி கோடியாகக் கொட்டியபோது எழாத கேள்வி, பெண்கள் கேட்டதும் ஏன் எழுகிறது?” என்பது ஒரு வாதம். நியாயமான கோபம் அது. 1921இன் சந்தேகம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனாலும் பிரிட்ஜ்வியூவில் ஏறிய வரியைக் கட்டியவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆண்களுக்கு நடந்த அநியாயமான சலுகையைப் பெண்களுக்கும் சமமாகக் கொடு என்பதைப் பெண்ணிய நிலைப்பாடாக என்னால் ஏற்க முடியவில்லை. அரங்கங்களுக்குக் கொட்டிய பொதுப்பணம் ஊருக்குத் திரும்புவதில்லை என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே அபூர்வமான ஒற்றுமை உண்டு. ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட், ராஜர் நோல் போன்றோர் 1990களிலிருந்தே இதைச் சொல்லிவருகிறார்கள்.

ஆகவே பொதுப்பணம் கூடவே கூடாதா? கூடும் என்பதே என் கருத்து, சில நிபந்தனைகளோடு. நிலமும் கட்டடமும் பொதுவின் பெயரிலேயே இருக்க வேண்டும். பள்ளிச் சிறுமிகளுக்கு எத்தனை மணி நேரம் என்பது வாக்குறுதியாக இல்லாமல் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். செலவு கூடினால் கூடுதலை ஏற்பவர் யார், அணி பாதியில் விலகினால் இழப்பீடு எவ்வளவு, பெண்கள் அணியே கலைந்தால் அரங்கம் யாருக்குப் போகும் என்ற கேள்விகளுக்கு முதல் கல் நடுமுன்பே பதில் வேண்டும். கடைசிக் கேள்வியைக் கென்னசாவில் கேட்டிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

விளையாட்டில் பெண்கள் வரலாற்றைப் படிக்க விரும்பும் மாணவிகள் என்னிடம் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பதுண்டு. கோப்பைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுக் குத்தகைப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். யார் ஆடினார்கள் என்பதைப் புகைப்படமே சொல்லிவிடும். வாடகை கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், மறுநாள் காலை அந்த மண்ணில் நிற்க யாருக்கு உரிமை இருந்தது என்பதை அந்தப் பத்திரத்தில்தான் வாசிக்க முடியும்.